நீண்ட பயணத்துக்கு முன் ரேடியேட்டர் ஒழுகினால் என்ன செய்வது

இரண்டு நாளில் நெடும்பயணம் என்று எல்லாம் தயாராக இருக்கும்போது வண்டி நின்ற இடத்தில் ஈரம் தெரிகிறது. பானட்டைத் திறந்து பார்த்தால் ரிசர்வ் டேங்கில் கூலன்ட், அதாவது என்ஜினின் சூட்டை ரேடியேட்டருக்கு எடுத்துப்போய்த் தணிக்கும் திரவம், குறைந்திருக்கிறது. உடனே தோன்றுவது, "ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம், பத்து நாளாக இப்படித்தானே ஓடுகிறது" என்பதுதான். தயவுசெய்து அப்படிக் கிளம்பாதீர்கள். பக்கத்துத் தெருவுக்குப் போய்வர ஓடுகிற வண்டி அதே ஒழுகலோடு 400 கிலோமீட்டர் ஓடிவிடாது.

காரணம் அழுத்தம். ஊருக்குள் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள்ளேயே வேலை முடிந்துவிடும், உள்ளே அழுத்தம் பெரிதாக ஏறாது, அதனால் ஓட்டை இருந்தாலும் நான்கு சொட்டு சொட்டிவிட்டு நின்றுவிடும். நெடுஞ்சாலையில் கதையே வேறு. ஏசி ஓடும், ஆட்கள் இருப்பார்கள், பின்னால் பெட்டிகள் இருக்கும், ஏற்றம் வரும், மணிக்கணக்கில் முழுச் சூடு, முழு அழுத்தம். பெரும்பாலான கார்களில் ரேடியேட்டர் மூடி வெளிக்காற்றைவிட 0.9 முதல் 1.1 பார் வரை கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. குக்கரில் நடப்பதுதான் இங்கேயும், அழுத்தம் கூடக்கூட கொதிநிலை ஏறும். வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், 1 பார் கூடுதல் அழுத்தத்தில் அதுவே 120 டிகிரி வரை தாங்கும். கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தது திறந்த நிலையில் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும், அழுத்தத்தில் 129 டிகிரி வரை போகும்.

ஆகவே ஒழுகும்போது போவது கூலன்ட் மட்டுமில்லை, அழுத்தமும் போகிறது. அழுத்தம் போனால் என்ஜினின் மேல் பகுதியான சிலிண்டர் ஹெட்டில் மிகச் சூடான இடங்களில் கூலன்ட் முன்கூட்டியே கொதித்து நீராவியாகிவிடும். நீராவி இருக்கும் இடத்தில் உலோகத்தின் சூட்டை எடுத்துப்போக ஆளில்லை. அலுமினிய ஹெட் கோணிக்கொள்வதும், ஹெட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போவதும் இப்படித்தான், அதன் செலவுக்கு முன்னால் புது ரேடியேட்டர் ஒன்றுமே இல்லை.

சரி, முதலில் பாதுகாப்பு. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே 100 டிகிரிக்கு மேல் இருக்கிற திரவம் மூடி லேசாகத் திரும்பிய நொடியில் பீய்ச்சி அடிக்கும், முகம், கை, மார்பு எல்லாம் வெந்துபோகும். ரேடியேட்டரின் மேல்பக்கத்தில் சேரும் ரப்பர் குழாயான மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்து, சுடாமல், அமுக்கினால் இளகி இருந்தால் மட்டும் கனமான துணியை மூடி மேல் போட்டு மெதுவாகத் திருப்புங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் பார்ப்பது இன்னும் நல்லது. இன்னொரு விஷயம், எலெக்ட்ரிக் ஃபேன் சில வண்டிகளில் என்ஜினை நிறுத்திய பிறகும் தானாகச் சுழல ஆரம்பிக்கும், அதனால் அந்தப் பக்கம் விரலை நீட்டும் முன் சாவியை எடுத்துவிடுங்கள், ஃபேன் இணைப்பைக் கழற்றிவிட்டால் இன்னும் நிம்மதி.

அடுத்து, தரையில் இருப்பது உண்மையிலேயே கூலன்ட்தானா என்று பாருங்கள். ஏசி ஓடிய வண்டிக்குக் கீழே, டாஷ்போர்டுக்கு நேர் கீழே, சுத்தமான தண்ணீர் சொட்டுவது முழுக்க முழுக்க இயல்பு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. கூலன்ட் பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்று ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும், தொட்டால் வழுக்கும், ஒருவித இனிப்பு வாசனை வரும். ராத்திரி வண்டிக்குக் கீழே ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள், காலையில் சொட்டு விழுந்த இடமும் நிறமும் தெரிந்துவிடும். கூடவே ரிசர்வ் டேங்கில் இப்போது இருக்கிற மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஆனால் ரிசர்வ் டேங்கை மட்டும் நம்பாதீர்கள். ரேடியேட்டரில் தனி மூடி இருக்கிற வண்டிகளில் அந்த மூடியின் உள் வால்வு கெட்டுப்போனால் ஆறும்போது டேங்கிலிருந்து கூலன்ட் திரும்ப உள்ளே இழுக்கப்படாது, டேங்க் நிறைந்திருக்க ரேடியேட்டர் காலியாக இருக்கும். குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து கழுத்து வரை கூலன்ட் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான் உறுதி. ரேடியேட்டரில் மூடியே இல்லாமல் டேங்கில் மட்டும் திருகு மூடி இருக்கிற வண்டியில் டேங்க் காட்டும் மட்டமே சரியான மட்டம்.

இப்போது முக்கியமான வேலைக்கு வருவோம், ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது. ஒரு நாளைக்கு எத்தனை சொட்டு விழுகிறது என்பதைவிட எங்கிருந்து விழுகிறது என்பதுதான் போகலாமா வேண்டாமா என்று சொல்லும். டார்ச்சை எடுத்துக்கொண்டு காய்ந்த தடங்களைத் தேடுங்கள். கூலன்ட் காய்ந்தால் வெள்ளையாகவோ அதன் சொந்த நிறத்திலோ பொருக்கு படியும், அந்தத் தடத்தைக் கீழிருந்து மேலாகத் தொடர்ந்து போனால் அது ஆரம்பிக்கும் இடம் கிடைக்கும். சொட்டு விழும் இடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளி வேறெங்கோ சொட்ட வைக்கும்.

ஹோஸ் இணைப்பில் என்றால் நிம்மதியாக மூச்சு விடலாம். ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்ப் தளர்ந்திருக்கும், அல்லது ஹோஸின் முனை வெடித்திருக்கும். குளிர்ந்த நிலையில் ஹோஸை நீளம் முழுக்க அமுக்கிப் பாருங்கள், நொறுங்குவது போல் கரகரத்தாலோ சில இடங்களில் மட்டும் சொதசொதவென்று இருந்தாலோ கிளாம்ப் பக்கத்தில் உப்பியிருந்தாலோ புதிதாக மாற்றிவிடுங்கள், அதை இறுக்கிக் காலம் தள்ள வேண்டாம். கிளாம்பை இறுக்கும்போதும் பலத்தையெல்லாம் காட்டாதீர்கள், உள்ளே இருப்பது பிளாஸ்டிக் கழுத்து, விரிசல் விட்டால் ரேடியேட்டரையே மாற்ற வேண்டி வரும்.

மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள். மூடியின் மேலேயே அழுத்த அளவு எழுதியிருக்கும், அதே அளவில்தான் வாங்க வேண்டும். அழுத்தம் கூடுதலான மூடி போட்டால் சூடாகாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பழைய ஹோஸும் பழைய டேங்கும் அதைத் தாங்க வேண்டுமே. கீழே இருக்கும் வடிகால் திருகிலிருந்து சொட்டினால் பெரும்பாலும் அதன் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்தான் காரணம், அதுவும் சின்ன வேலை.

அடிக்கடி பார்க்கிற ஒழுகல் இவை எதுவும் இல்லை. இன்றைய ரேடியேட்டர்களில் நடுவில் அலுமினியத் துடுப்புகளும் குழாய்களும் கொண்ட பகுதி, இரு ஓரங்களிலும் பிளாஸ்டிக் டேங்க், இரண்டுக்கும் நடுவில் ரப்பர் கேஸ்கெட், உலோகப் பற்களை மடக்கிப் பிடித்திருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் சூடும் குளிரும் மாறிமாறிப் பட்டு அந்த பிளாஸ்டிக் உடையும் பதத்துக்கு வந்துவிடும், கேஸ்கெட் இறுகிப்போகும், அந்தத் தையல் ஓரமாகக் கசிய ஆரம்பிக்கும். சூடாக இருக்கும்போது கசிந்து, ஆறியதும் நின்று, ஆறிய பிறகு கசிந்து, சூடானதும் நின்று என்று இது பல விதமாக ஏமாற்றும். பற்களை இடுக்கியால் நசுக்கி இறுக்கினால் சில நாள் நிற்கலாம், ஆனால் பிளாஸ்டிக்கில் விரிசல் வந்திருந்தால் அடுத்த முழு அழுத்தத்தில் அது ஒரேயடியாகப் பிளந்துகொள்ளும், அப்போது சில நிமிடங்களில் மொத்தக் கூலன்ட்டும் சாலையில். தையல் ஓரக் கசிவையோ டேங்க் விரிசலையோ பார்த்தீர்கள் என்றால் ரேடியேட்டரை மாற்றாமல் கிளம்ப வேண்டாம். கல் பட்டோ அரித்தோ நடுப் பகுதியில் ஓட்டை என்றாலும் அதே பதில். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர்களில் ஈயம் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார்கள், இந்த அலுமினிய, பிளாஸ்டிக் வகைக்கு அந்த வைத்தியம் ஒத்துவராது.

ரேடியேட்டர் காய்ந்திருக்கிறது, ஆனாலும் சொட்டுகிறது என்றால் கூலன்ட்டைச் சுற்றிவரச் செய்யும் வாட்டர் பம்பைப் பாருங்கள். பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும், உள் சீல் போனால் அதன் வழியாகக் கூலன்ட் வரும்படி வேண்டுமென்றே வைத்த துளை அது. பம்பை, வால்வுகளை நேரம் தப்பாமல் இயக்க உதவும் டைமிங் பெல்ட் சுழற்றுகிற என்ஜினாக இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், பம்ப் இறுகி நின்றால் பெல்ட்டும் போய், பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். முன் இருக்கையின் காலடி விரிப்பு ஈரமாகி, கண்ணாடியில் பிசுபிசுப்பான பனி படர்ந்து, உள்ளே இனிப்பு வாசனை வந்தால், காருக்குள் சூடான காற்று தர டாஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டரான ஹீட்டர் கோர் ஒழுகுகிறது.

வெளியே எங்குமே ஈரமில்லை, ஆனால் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது, இதுதான் எனக்கு மிகவும் பயம் தருகிற நிலை. சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் கழுத்தில் இடைவிடாத குமிழிகள், குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, எண்ணெய்க் குச்சியில் பால் கலந்த மாதிரி நிறம், இவை ஹெட் கேஸ்கெட் போனதற்கான அறிகுறிகள். எண்ணெய் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மட்டும் லேசாக வெள்ளை படிந்திருந்தால் அது குறுகிய தூரமே ஓடுகிற வண்டியில் வரும் ஈரப்பதமாகவும் இருக்கலாம், அதை மட்டும் வைத்துப் பதற வேண்டாம். மற்றவையும் சேர்ந்து இருந்தால் அந்த வண்டியில் இந்தப் பயணம் கிடையாது, வேறு வண்டி பாருங்கள்.

கண்ணால் தேடியும் கிடைக்கவில்லையா, மெக்கானிக்கிடம் போய் "ரேடியேட்டர் மாற்றுங்கள்" என்று சொல்லாதீர்கள், "பிரஷர் டெஸ்ட் செய்து பாருங்கள்" என்று கேளுங்கள். கையால் அடிக்கிற சின்ன பம்ப் ஒன்றை மூடி இருக்கும் இடத்தில் மாட்டி, மூடியில் எழுதியிருக்கிற அளவுக்கு அழுத்தம் ஏற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுப் பார்ப்பார்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது, என்ஜின் குளிர்ந்து அமைதியாக இருப்பதால் சொட்டு வரும் இடமும் நன்றாகத் தெரியும். மூடியையும் தனியாக அதே கருவியில் சோதிக்கலாம். சரியான இடம் தெரியாமல் பாகம் மாற்றிக் காசைக் கரைப்பதைத் தடுப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

ஓட்டையை அடைக்கக் கூலன்ட்டில் ஊற்றும் ஸ்டாப் லீக் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பயணத்துக்கு முன்தினம் எல்லோரும் கையில் எடுப்பது அந்தப் பாட்டிலைத்தான். உலோகத்தில் ஊசி முனை அளவு ஓட்டை என்றால் அது அடைக்கும், உண்மைதான். ஆனால் பிளாஸ்டிக் விரிசலையோ ஹோஸ் வெடிப்பையோ தையல் ஓரத்தையோ நம்பகமாக அடைக்காது. உள்ளே போகிற துகள்களுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களிலும் ஏற்கெனவே பாதி அடைந்த ரேடியேட்டர் குழாய்களிலும் போய் உட்காரும், அப்புறம் ஒழுகாத, ஆனால் சூட்டைத் தணிக்காத ரேடியேட்டரோடு ஏற்றத்தில் நிற்பீர்கள். ஆள் அரவமில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டு அருகிலுள்ள ஊர் வரை போய்ச் சேர வேண்டும் என்றால் ஊற்றுங்கள், பாட்டிலில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள், பிறகு முழுவதையும் வடித்துக் கழுவுங்கள். கிளம்புவதற்கு முன்பே ஊற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். எபாக்ஸி பசையும் அப்படியே. கூலன்ட்டை ஓட்டைக்குக் கீழ்வரை வடித்து, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு வைத்தால் ஒர்க் ஷாப் வரை போகலாம், அதற்கு மேல் கேட்காதீர்கள்.

ரேடியேட்டரை மாற்றுவது என்று முடிவானால், பாகம் கையில் இருந்தால் பெரும்பாலான கார்களில் அது சில மணி நேர வேலை. இருந்தாலும் கிளம்புவதற்கு முந்தைய இரவில் வேண்டாம், நடுவில் ஒரு முழு நாளாவது இருக்கட்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன். மாற்றும்போதே மேல், கீழ் ஹோஸ்களையும் கிளாம்ப்களையும் மூடியையும் மாற்றிவிடுங்கள், வயதான வண்டி என்றால், சூடேறியதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டையும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வண்டிகள் பலவற்றில் கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாயும் ரேடியேட்டருக்குள்தான் ஓடும், அந்த இணைப்புகளைக் கழற்றி மாட்டினால் கியர்பாக்ஸ் எண்ணெய் மட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வடித்த கூலன்ட்டை ஒரு பாத்திரத்தில் பிடித்து மூடி வையுங்கள். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் கடும் விஷம், இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தைகள் இருக்கிற வீட்டில் இன்னும் கவனம். தரையில் சிந்தியதை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

புதுக் கூலன்ட் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் வெறும் சாயம்தான், ஒரே நிறத்தில் வெவ்வேறு வேதிப்பொருள்கள் இருக்கலாம். வண்டியோடு வந்த கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும், அதை வாங்குங்கள். ஒத்துப்போகாத இரண்டு வகைகள் கலந்தால் அரிப்பைத் தடுக்கும் பொருள்கள் பலமிழந்துவிடும், சில சமயம் கூழாகவும் திரளும். அப்படியே ஊற்றும் வகையா, தண்ணீர் கலக்க வேண்டிய வகையா என்று லேபிளைப் படியுங்கள். கலப்பதென்றால் டிஸ்டில்ட் வாட்டர், சரிபாதி. உப்புத் தண்ணீர் உள்ளே பொருக்குக் கட்டும். தண்ணீரே கலக்காமல் கெட்டியாக ஊற்றினால் இன்னும் நல்லது என்பதும் தப்பு, தனிக் கூலன்ட்டைவிடத் தண்ணீர் கலந்ததுதான் சூட்டை நன்றாக ஏந்திப்போகும்.

ஊற்றியதும் வேலை முடிந்துவிடாது, உள்ளே மாட்டிய காற்று வெளியேற வேண்டும், அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இதைத்தான். வண்டியின் மூக்கு சற்று உயர்ந்திருக்குமாறு நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குளிர்ந்த நிலையிலேயே மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதிலிருந்து குமிழி இல்லாமல் கூலன்ட் வரும் வரை திறந்து வைத்து மூடுங்கள். சுமார் 82 முதல் 90 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் திறக்கும், அப்போது மேல் ஹோஸ் சட்டென்று சூடாகும், கழுத்தில் மட்டம் இறங்கும், ஊற்றி நிரப்புங்கள். குமிழிகள் நின்றதும் மூடியைப் போட்டு ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை விடுங்கள். முகத்தை மட்டும் தள்ளியே வையுங்கள், திடீரென்று பொங்கும். சில வண்டிகளுக்கு வேறு முறை உண்டு, கையேடு சொல்வதுதான் சட்டம். டாஷ்போர்டுக்குள் தண்ணீர் ஓடும் சத்தமோ, ஹீட்டர் திடீரென்று குளிர்காற்று விடுவதோ இருந்தால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது.

நடுவில் ஒரு நாள் கேட்டது இதற்காகத்தான். ஒரு மணி நேரமாவது நெடுஞ்சாலை வேகத்தில், ஏசி போட்டு, முடிந்தால் ஒரு ஏற்றத்திலும் ஓட்டிப் பாருங்கள். வந்து நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்து, எல்லா இணைப்புகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். இரவு ஆறவிட்டுக் காலையில் மட்டம் பாருங்கள். முதல் நாள் கொஞ்சம் குறைவது சகஜம், மிச்சக் காற்று வெளியேறியிருக்கும், நிரப்பிவிட்டு மறுபடி ஒரு சுற்று ஓட்டுங்கள். இரண்டாவது முறையும் குறைந்தால் ஒழுகல் இன்னும் இருக்கிறது, கிளம்பாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் டிக்கியில் ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு பாட்டில் கலந்த கூலன்ட், இரண்டு கிளாம்ப், ஸ்குரூ டிரைவர், கையுறை, கனமான துணி, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கோன் டேப் ஒரு சுருள் இருக்கட்டும். ஹோஸ் வெடித்தால் துடைத்து, அந்த டேப்பை நன்றாக இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றினால் அடுத்த ஊர் வரை தாங்கும்.

ஓட்டும்போது டெம்பரேச்சர் முள்ளைப் பழக்கமாகப் பாருங்கள். பல புதிய கார்களில் உண்மையான சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள், அதனால் அது நகர ஆரம்பித்தாலே விஷயம் முற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏறினால் ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு வேகத்திலும் போட்டு ஜன்னல்களை இறக்குங்கள், ஹீட்டர் ஒரு குட்டி ரேடியேட்டராக வேலை செய்து கொஞ்சம் சூட்டை இழுக்கும், அதற்குள் பாதுகாப்பான ஓரத்தைத் தேடி நிறுத்துங்கள். சிவப்பு விளக்கு எரிந்தாலோ நீராவி வந்தாலோ என்ஜினை உடனே அணைக்க வேண்டும். இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு, கூலன்ட் மொத்தமும் போய்விட்டால் சென்சார் காற்றில் தொங்கும், முள் ஏறாது, சில சமயம் கீழேகூட இறங்கும். ஹீட்டர் போட்டிருந்தும் குளிர்காற்று வந்தால் முள் என்ன காட்டினாலும் நிறுத்திவிடுங்கள். சூடான என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், உலோகம் விரிசல் விடும். நன்றாக ஆறவிட்டு, பிறகு என்ஜினை ஓடவிட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

மூடியைத் தளர்த்தி வைத்தால் ஒழுகல் குறையும் என்று சொல்வார்கள். அழுத்தம் இல்லாததால் குறையத்தான் செய்யும், ஆனால் கொதிநிலையும் இறங்கிவிடும். வேறு வழியே இல்லாதபோது, குளிர்ந்த நிலையில் முதல் பிடி வரை மட்டும் தளர்த்தி, மெதுவாகச் சில கிலோமீட்டர், முள்ளைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

கிளம்பிய நாளில் முதல் 50 கிலோமீட்டருக்குள் ஒரு முறை நிறுத்துங்கள். மூடியைத் தொட வேண்டாம், பானட்டைத் தூக்கி ஹோஸ் முனைகளையும் ரிசர்வ் டேங்க் மட்டத்தையும் பாருங்கள், குனிந்து கீழே பாருங்கள். அதன் பிறகு எரிபொருள் போட நிறுத்தும்போதெல்லாம் இதையே ஒரு நிமிடம் செய்தால் போதும்.